எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எந்த நாவல்? - ஒரு சிறு வரலாறு

புதுச்சேரியில் இருக்கும் ரோமன் ரோலண்ட் நூலகம் பிரெஞ்சுக்காரர்கள் 1827-ல் தொடங்கியது. ஆரம்பத்தில் ஐரோப்பியர்கள் மட்டும்தான் அதற்குள் போகலாம். பத்து வருடம் கழித்து 1837-ல்தான் கதவு எல்லோருக்கும் திறந்தது. ரோமன் ரோலண்ட் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் பெயர் அவரது நூற்றாண்டையொட்டி 1966-ல் வைக்கப்பட்டது. காந்தியைப் பற்றியும் ராமகிருஷ்ணரைப் பற்றியும் ஐரோப்பியர்களுக்கு எழுதிச் சொன்னவர் அவர்.

சரி, கதவு திறந்தாயிற்று. உள்ளே போகும் பதின்மூன்று வயதுப் பிள்ளை எந்தப் புத்தகத்தை எடுப்பது? சிங்கமும் முயலும் பேசுகிற கதைகள் சலித்துப்போன வயது. பெரியவர்களின் குடும்ப நாவல்கள் புரியாத வயது. இந்த இடைவெளியில்தான் நிறையப் பிள்ளைகள் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுகிறார்கள். பிறகு எடுப்பதே இல்லை. இந்தப் பிரச்சினை இன்று செல்போனால் வந்தது என்று நினைத்தால் அது தவறு. இதற்கு நூற்றைம்பது வருட வரலாறு இருக்கிறது!

பிரான்சில் என்ன செய்தார்கள்?

பாரிஸில் எட்ஸெல் என்ற பதிப்பாளர் இருந்தார். 1864-ல் இளம் வாசகர்களுக்காகவே ஒரு பத்திரிகை தொடங்கினார். அதன் பெயரிலேயே 'கல்வி', 'பொழுதுபோக்கு' என்ற இரண்டு சொற்களும் உண்டு. அவருடைய முக்கியமான எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன். வெர்ன் எழுதியதையெல்லாம் எட்ஸெல் அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை. 'இருபதாம் நூற்றாண்டில் பாரிஸ்' என்ற நாவலை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். சோர்வூட்டும் அந்தக் கதை கடைசியில் 1994-ல்தான் அச்சானது. பலூன் பயணம், கடலுக்கடியில் பயணம், எண்பது நாளில் உலகப் பயணம் ஆகியவற்றை அவர் வெளியிட்டார். நீர்மூழ்கிக் கப்பலின் தலைவன் கேப்டன் நெமோ உண்மையில் ஓர் இந்திய இளவரசன் என்று பிறகு வந்த 'மர்மத் தீவு' நாவலில் தெரியவரும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது ஒரு கூடுதல் சந்தோஷம்.

எட்ஸெல் செய்ததைக் கவனியுங்கள். பூகோளமும் விஞ்ஞானமும் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவேண்டும் என்றுதான் அவரும் நினைத்தார். ஆனால் கதை சுவாரசியமாக இருந்தால்தான் அது நடக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

தமிழில் நடந்த கதை

தமிழின் முதல் நாவல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ல் அச்சானது. எழுதியவர் மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை. அவர் 'நீதிநூல்' எழுதியவரும்கூட. அதனால் நாவலிலும் அறிவுரைக்குப் பஞ்சமில்லை. ஆனால் வேடிக்கைச் சம்பவங்களும் அதே அளவுக்கு இருக்கின்றன. நம்முடைய முதல் நாவலே சிரிக்கவைக்கும் நாவல்தான்!

அதற்குப் பிறகு ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் போன்றவர்களின் துப்பறியும் நாவல்கள் வந்து குவிந்தன. கூடவே 'நாவல் படித்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்' என்ற பேச்சும் வந்தது. பாடப்புத்தகத்துக்குள் நாவலை ஒளித்துவைக்கும் பழக்கம் அப்படித்தான் வந்திருக்க வேண்டும்.

தமிழில் எட்ஸெல் போல ஒருவர் வரவில்லை. அந்த வேலையைப் பத்திரிகைகள் செய்தன. அதற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. ஒரு முழு நாவலை விலை கொடுத்து வாங்குவது சாதாரணக் குடும்பத்துக்குப் பெரிய செலவு. பத்திரிகை என்றால் சில்லறைக் காசு. ஓர் இதழை வீடே படிக்கும், பக்கத்து வீடும் படிக்கும். தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டிங் செய்துவைத்தால் ஒரு நாவல் இலவசம்! பரண்மேல் கிடந்த அந்த பைண்டிங் புத்தகங்கள்தான் பல பிள்ளைகளுக்கு முதல் நூலகம்.

1947-ல் 'அம்புலிமாமா' வந்தது. 'கல்கண்டு' இதழில் தமிழ்வாணன் எழுதிய துப்பறியும் சங்கர்லால் பள்ளி மாணவர்களின் கதாநாயகன் ஆனார். 'கண்ணன்' பத்திரிகை சிறுவர்களுக்குத் தொடர்கதைகள் தந்தது. 1972-ல் 'கோகுலம்' வந்தது. அதே ஆண்டில் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யைக் கொண்டுவந்தது. வாண்டுமாமா மாயமும் சாகசமும் கலந்து எழுதித் தள்ளினார். இவற்றில் பலவற்றை அன்றைய பெரியவர்கள் 'படிப்பு' என்றே ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் பின்னாளில் தீவிர இலக்கியத்துக்கு வந்த எத்தனையோ பேர் இந்தப் படிக்கட்டில் ஏறி வந்தவர்கள்தான்.

பொன்னியின் செல்வன்

1950-லிருந்து 1954 வரை கல்கி பத்திரிகையில் வந்த தொடர் இது. பெரியவர்களுக்காக எழுதப்பட்டதுதான், ஆனால் பிள்ளைகள் பிடுங்கிக்கொண்டார்கள். காரணம் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. ஆடிப்பெருக்கு நாள், வீரநாராயண ஏரிக்கரை, குதிரைமேல் ஒரு வாலிபன். அவன் கையில் பணமும் இல்லை, பதவியும் இல்லை. வாய்த்துடுக்கு மட்டும் நிறைய உண்டு. பதின்மூன்று வயதுக்கு இதைவிட நல்ல நண்பன் கிடைப்பானா?

ஐந்து பாகம் என்றதும் மலைத்துப்போகும் பிள்ளைக்கு 'பார்த்திபன் கனவு' போதும். அளவில் சிறியது, ஓட்டம் அதிகம். கல்கியின் எழுத்துகள் 1990-களின் இறுதியில் நாட்டுடைமை ஆனதால் பல பதிப்பகங்கள் போட்டி போட்டு மலிவுப் பதிப்புகள் போட்டன. போட்டி வந்தால் விலை இறங்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். கதை வேறு, சரித்திரம் வேறு. ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டது உண்மை. கொலைகாரர்களின் சொத்து பறிமுதலானதைக் காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. ஆனால் நந்தினி கல்கியின் கற்பனை. இதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லித் தொலைக்காமல், படித்து முடித்தபின் சொன்னால் அடுத்த ஆர்வம் தானாகப் பிறக்கும்.

புதுச்சேரிப் பிள்ளைக்கு?

சொந்த ஊர்க் கதை வேண்டுமென்றால் பிரபஞ்சன் இருக்கிறார். ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து 1761 வரை எழுதிவைத்த நாட்குறிப்பை ஆதாரமாகக் கொண்டு 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்ற இரண்டு நாவல்கள் எழுதினார். இரண்டாவது நாவலுக்கு 1995-ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. ரங்கப்பிள்ளை வீதியில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைக்கு அந்தப் பெயருக்குரியவர் யாரென்று தெரிவது நல்லதுதான். ஆனால் இவை பெரியவர்களுக்கான கனமான நாவல்கள். பள்ளி முடிக்கும் வயதில் கொடுத்தால் போதும். அவசரப்பட்டு பதின்மூன்றில் கையில் திணித்தால் ஊர்ச் சரித்திரமே கசந்துவிடும்.

அந்த வயதுக்கு கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' பொருத்தம். பறவைகளின் பின்னால் அலையும் கரிசல்காட்டுச் சிறுவனின் கதை. பக்கமும் குறைவு. இடைச்செவல்காரரான கி.ரா. தன் கடைசி முப்பது வருடங்களைப் புதுச்சேரியில்தான் கழித்தார். 2021-ல் இங்கேயே காலமானார்.

புதிதாகவும் நிறைய வருகிறது. சாகித்ய அகாடமி 2010-லிருந்து சிறுவர் இலக்கியத்துக்கென்றே பால புரஸ்கார் விருது தருகிறது. 2023-ல் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' நாவல் அதைப் பெற்றது. கீழடிக் காலத்துக்குப் போகும் ஒரு சிறுவனின் கதை அது. 2025-ல் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' பெற்றது.

வரலாறு சொல்வது இதுதான். பிள்ளைகள் மனதில் நின்ற புத்தகங்கள் 'உருப்படுவதற்காக' கொடுக்கப்பட்டவை அல்ல, அவர்களே விரும்பி எடுத்தவை. ஆகவே ஒன்றை வாங்கித் திணிக்காமல் நான்கைந்தை முன்னால் வையுங்கள். இருபது பக்கம் படித்தும் பிடிக்கவில்லையென்றால் மூடிவைக்க விடுங்கள். முடித்ததும் 'கதையின் நீதி என்ன?' என்று பரீட்சை வைக்காதீர்கள். காமிக்ஸ் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள்.

1837-க்கு முன்னால் பிறப்பைப் பார்த்து நூலகத்தின் வாசலில் நிறுத்தினார்கள். இன்று பல வீடுகளில் மார்க்கைப் பார்த்து நிறுத்துகிறோம். "பரீட்சை முடியட்டும், அப்புறம் கதைப் புத்தகம்" என்று சொல்லிச் சொல்லியே அந்த வயது போய்விடுகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள். புத்தகத்தை அவர்களே எடுக்கட்டும்.