ஆரோனின் தலைமுடி

லேவியர் நூலின் 21ஆம் அதிகாரத்தைக் குருமடத்தில் பயின்ற நாள்களில் நாம் அவசரமாய்ப் புரட்டிவிட்டோம். குருக்கள் தலையை மழிக்கலாகாது, தாடியின் ஓரங்களைச் சிரைக்கலாகாது, உடலைக் கீறிக்கொள்ளலாகாது என்னும் விதிகள் அங்கே உள்ளன. நாவிதருக்குரிய செய்தி மறைநூலில் எதற்கு என்று அன்று எண்ணினோம்.

அக்கால மாந்தர்க்கு முடி துயரத்தின் மொழி என்பது பின்னரே நமக்கு விளங்கிற்று. மோவாபியரின் புலம்பலை வருணிக்கும் எரேமியா, மழித்த தலைகளையும் கத்தரித்த தாடிகளையும் கீறிய கைகளையும் காட்டுகிறார். மக்களை இழந்த யோபுவும் தம் தலையை மழித்துக்கொண்டார். எகிப்தியக் குருக்கள் தூய்மை கருதி ஒருநாள் விட்டு ஒருநாள் உடல் முழுவதையும் மழித்தனர் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். இஸ்ரயேலின் குருவுக்கோ வேறு விதி. தலையை மழிக்கவும் வேண்டாம், முடியை நீள வளர்க்கவும் வேண்டாம், கத்தரித்துத் திருத்தினால் போதும் என்று பாபிலோனிய அடிமைத்தனக் காலத்தில் எசேக்கியேல் கூறினார். சாதாரணக் குரு 30 நாள்களுக்கு ஒருமுறையும், தலைமைக் குரு வாரந்தோறும் ஓய்வுநாளுக்கு முந்திய தினத்திலும் முடி திருத்துவது முறை எனப் பிற்காலத் தல்மூது வரையறுத்தது.

தலைமைக் குருவின் நிலை இன்னும் கடுமையானது. ஏனைய குருக்கள் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தார் ஆகியோரின் சடலத்தை அணுகலாம். அவரோ தாய் தந்தை இறந்தாலும் அணுகலாகாது; தலைமுடியைக் கலைய விடுவதும் ஆடையைக் கிழிப்பதும் அவருக்கு விலக்கப்பட்டவை.

இவ்விதியின் பாரத்தை முதலில் சுமந்தவர் ஆரோனே. முறைகேடான நெருப்பைக் கொணர்ந்த அவருடைய மைந்தர் நாதாபும் அபிகூவும் ஆண்டவர் திருமுன் எரிந்து மாண்டனர். தந்தை வாய் திறக்கவில்லை. சிற்றப்பன் ஊசியேலின் மக்கள் வந்து சடலங்களைப் பாளையத்துக்கு வெளியே சுமந்து சென்றனர். முடியைக் கலைக்கலாகாது, ஆடையைக் கிழிக்கலாகாது, திருப்பொழிவு எண்ணெய் உங்கள்மேல் உள்ளதால் கூடார வாயிலை விட்டு அகலவும் கூடாது என்று ஆரோனுக்கும் எஞ்சிய புதல்வர் இருவருக்கும் மோசே கட்டளையிட்டார். மக்களெல்லாம் அழலாம், பெற்றவர் மட்டும் அழலாகாது! இப்பகுதியை வாசிக்கும்போதெல்லாம் நம் நெஞ்சு கனக்கிறது.

அதிகாரம் இத்துடன் முடியவில்லை. அன்று குருக்கள் உண்ண வேண்டிய பாவம் போக்கும் பலியின் இறைச்சி உண்ணப்படாமல் எரிக்கப்பட்டிருந்தது. மோசே சினந்தார். அப்போதுதான் ஆரோன் பேசினார். இத்தகைய இழப்பு நேர்ந்த நாளில் தாம் அதை உண்டிருந்தால் ஆண்டவருக்கு உகந்திருக்குமா என்று வினவினார். அவருடைய முடி கலையவில்லை, ஆடை கிழியவில்லை. உணவு மட்டும் இறங்கவில்லை.

மோசே அதைக் கேட்டு அமைதியடைந்தார்.