மறுப்பு நூலில் வாழ்ந்த கவிஞர்

கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உரோமை நகரில் வாழ்ந்த ஒருவர் கிரேக்க மொழியில் ஏழு வரிகளாலான பாடல் ஒன்றை இயற்றினார். 'அறுவடை' என்பது அதன் தலைப்பு. உடலில் தொடங்கி விண்வெளி வரை ஒன்றையொன்று பற்றித் தொங்கும் பொருள்களின் நிரலை அகக்கண்ணால் கண்டு உரைப்பது அப்பாடல். பாடியவர் வாலந்தினுஸ். அவர் பாடிய பிற பாடல்கள் மறைந்தன. இஃது எஞ்சியதற்குக் காரணம், அவருடைய கொள்கையை வேரறுக்க முனைந்த ஒருவர் அதனைத் தம் நூலில் எடுத்தெழுதியமையே. இப்போலித்துஸ் என்பாரின் பெயரால் வழங்கும் அம்மறுப்பு நூல், பாடலைத் தருவதோடு நில்லாமல் அதற்குப் பதவுரையும் தருகிறது! அந்நூலின் பெரும்பகுதியும் பல நூற்றாண்டுகள் மறைந்தே கிடந்தது. 1842இல் ஆதோஸ் மலைத் துறவு மடத்திலிருந்து அதன் கைப்படி பாரிசுக்கு வந்தது, 1851இல் அச்சேறியது. நீலகேசியும் அதன் உரையும் இல்லையெனில் குண்டலகேசியைப் பற்றி எவ்வளவு பேசியிருக்க முடியும் என எண்ணிப் பார்க்கும் தமிழ் மாணாக்கர்க்கு இந்நிலை எளிதில் விளங்கும்.

வாலந்தினுசும் அவரையொத்தோரும் சார்ந்த சிந்தனைப் போக்கினை மேலைநாட்டார் 'நாஸ்டிசிசம்' என்பர். ஒலி ஒப்புமை கண்டு இதனை நாத்திகத்தோடு மயங்குதல் கூடாது. 'க்னோசிஸ்' என்னும் கிரேக்கச் சொல் அறிவு எனப் பொருள்படும். வடமொழியின் 'ஞானம்' அதனோடு ஒருவேர்ச் சொல். ஆதலின் இக்கட்டுரையில் 'ஞானநெறி' எனவே குறிக்கின்றேன். வேர் ஒன்றாதலால் கருத்தும் ஒன்றே என முடிவுகட்டுவோர் நம் மேடைகளில் உளர். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பொதுப்பெயரே பிற்காலத்தது, 17ஆம் நூற்றாண்டில் ஹென்றி மோர் என்னும் ஆங்கிலேயர் ஆக்கியது. இரண்டாம் நூற்றாண்டில் இருந்தவை ஒரே சமயமன்று. பல ஆசிரியர்கள், பல மாணாக்கர் குழுக்கள்.

அவற்றுள் வாலந்தினுசின் மரபு சொல்வதைச் சுருங்கக் காண்போம். அறியவொண்ணாத முதற் கடவுளின் 'நிறைவு' என்னும் தெய்வநிலையில் சோபியா என்னும் மெய்யறிவு தன் எல்லை மீறித் தந்தையை அறிய விழைந்து தடுமாறியது. அத்தடுமாற்றத்தின் விளைவாகத் தோன்றிய, கைவினைஞன் எனப்படும் கீழ்நிலைத் தெய்வம் இவ்வுலகைப் படைத்தது. மாந்தருள் சிலரிடத்து மேலுலகின் வித்து ஒன்று தன்னை மறந்து உறங்குகிறது. அதனை எழுப்பும் அறிவைக் கொணர்ந்தவரே இயேசு. பாவமன்று, அறியாமையே மனிதரின் நோய் என்பது இதன் உட்கிடை.

இக்கொள்கையினரைத் திருச்சபைக்குப் புறத்தே நின்று தாக்கிய பகைவர் எனக் கருதுதல் பெரும்பிழை. எகிப்தில் பிறந்து அலெக்சாந்திரியாவில் கற்று, 140ஆம் ஆண்டையொட்டி உரோமைக்கு வந்த வாலந்தினுஸ் அங்குள்ள கிறித்தவர் அவையில் ஆசிரியராய் விளங்கினார். நாவன்மையும் அறிவாற்றலும் உடைய அவர் ஆயர் பதவியை எதிர்பார்த்தார் என்றும், துன்பத்தில் நம்பிக்கை காத்த மற்றொருவர்க்கு அது சென்றதென்றும் தெர்த்துல்லியன் எழுதுகிறார். பகைவர் கூற்று எனினும், அவ்வாறு எதிர்பார்க்கத்தக்க இடத்தில் அவர் இருந்தார் என்பது இதனால் பெறப்படும். நற்செய்தி நூல் ஒன்றுக்கு எழுந்த உரைகளுள் நாம் அறிய முற்பட்டது யோவான் நற்செய்திக்கு எராக்கிளியோன் எழுதியது. அவர் வாலந்தினுசின் மரபினர்! அவ்வுரையும் இன்று தனித்து இல்லை; மூன்றாம் நூற்றாண்டில் ஒரிஜன் அதனை மறுத்துத் தாம் எழுதிய உரையில் மேற்கோள்களாக இருக்கிறது.

இரேனியுஸ் என்னும் லியோன் நகர ஆயருக்கு எரிச்சலூட்டியதும் இந்நெருக்கமே. ஏறத்தாழ 180இல் அவர் எழுதிய ஐந்து பகுதி மறுப்பு நூலில், இவர்கள் நம்மைப் போலவே பேசுகின்றனர், ஆனால் வேறாக எண்ணுகின்றனர் என்பதே முதன்மையான முறையீடு. வெளிப்படையான பகைவரை மறுப்பது எளிது. ஒரே நூலை ஓதி, ஒரே பெயரைப் போற்றி, பொருள் மட்டும் வேறு கொள்வாரை என் செய்வது? இரேனியுஸ் மூன்று வேலிகள் இட்டார். நற்செய்திகள் நான்கே, கூடவும் ஆகா, குறையவும் ஆகா. திருத்தூதர் வழிவந்த ஆயர்களே போதனைக்குப் பொறுப்பு. நம்பிக்கைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அது விண்ணும் மண்ணும் கடலும் படைத்தவர் ஒரே கடவுளே எனத் தொடங்குகிறது. உலகைப் படைத்தவர் வேறு, மேலான தந்தை வேறு என்னும் குரல் அவைக்குள் ஒலித்திராவிடின், அவ்வரிக்கு இத்துணை அழுத்தம் வந்திராது என்பது என் கருத்து. திருச்சபை தன் வடிவைப் பெற்றது பெரும்பாலும் தன்னுள் இருந்தவர்களோடு நிகழ்த்திய இவ்வழக்கினால்தான்.

அண்மைக் காலத்தில் ஞானநெறியினரைச் சிந்தனை உரிமையின் முன்னோடிகளாகவும் இரேனியுசை அதிகார வேட்கையராகவும் சித்திரிப்பது பரவியுள்ளது. 177ஆம் ஆண்டு லியோனில் நிகழ்ந்ததை அறிந்தோர் அவ்வாறு எளிதில் கூறார். அவ்வாண்டுக் கொடுமையில் தொண்ணூறு வயது கடந்த ஆயர் பொத்தினுஸ் சிறையில் மாண்டார். பிளாந்தினா என்னும் அடிமைப் பெண் அரங்கில் வதைக்கப்பட்டு இறந்தாள். இறந்தோர் மீண்டும் உயிர்த்தெழுவர் என்னும் நம்பிக்கையை எள்ளி, உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தனர். பொத்தினுசுக்குப் பின் ஆயரானவர் இரேனியுஸ். ஊன் உடல் வெறும் உமி, அதற்கு மீட்பில்லை என்பாரைக் கேட்டு அவர் எங்ஙனம் வாளா இருப்பார்? மேலும், மாந்தரை ஆவியர், உயிரர், பருப்பொருளர் என அம்மரபு மூவகைப்படுத்தியது. அவ்வகை இயல்பிலேயே அமைவது என்று இரேனியுஸ் கூறுவது மெய்யாயின், பிளாந்தினா போன்ற எளியோர்க்கு அந்த மேலான அறிவில் இடம் எங்கே? எனினும், மறுப்பவர் வாய்மொழியைக் கொண்டே ஒருவரை அளத்தல் முறையன்று. 1,700 ஆண்டுகளுக்கு மேலாக வேறு வழியும் பெரிதும் இருந்ததில்லை.

வழி 1945இல் பிறந்தது. மேல் எகிப்தில் நாக் ஹம்மாதி அருகே, வயலுக்கு உரமண் தோண்டிய உழவர் மட்சாடி ஒன்றைக் கண்டெடுத்தார். பூதம் அடைபட்டிருக்குமோ என அஞ்சினார்; பொன் இருக்குமோ என உடைத்தார்; இருந்தவை தோலட்டையிட்ட நாணற்புல் தாள் நூல்கள். அவற்றுட் சில தாள்களை அவர் தாய் அடுப்பெரித்தார். இவை அவரே பின்னர்க் கூறியவை. இக்கதையின் சில பகுதிகளை இன்றைய ஆய்வாளர் சிலர் ஐயுறுவர். எஞ்சியவை 12 கட்டுகளும் 13ஆம் கட்டின் சில தாள்களும். அவற்றுள் 52 பனுவல்கள், கிரேக்கத்திலிருந்து கொப்திய மொழிக்குப் பெயர்த்தவை. ஓர் அட்டையின் உட்புறம் ஒட்டியிருந்த கழிதாள்களில் 348ஆம் ஆண்டைக் குறிப்பது ஒன்று. 367இல் அலெக்சாந்திரிய ஆயர் அத்தனாசியுஸ், இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 நூல்களை மட்டுமே ஏற்றுப் பிறவற்றை விலக்கிச் சுற்றுமடல் விடுத்தார். அம்மடலுக்கு அஞ்சிய துறவியர் இவற்றைப் புதைத்திருக்கலாம் என்பது பலர் துணிபு. எரிப்பதற்கு மனமில்லாத ஒருவர் அங்கு இருந்தார் என எண்ண எனக்கு விருப்பம்.

முதற் கட்டில் தலைப்பில்லாத பனுவல் ஒன்று 'மெய்ம்மையின் நற்செய்தி' என்னும் சொற்களோடு தொடங்குகிறது. வாலந்தினுசின் மாணாக்கரிடையே அப்பெயரில் ஒரு நூல் உண்டென இரேனியுஸ் குறைகூறியிருந்தார். இது வாலந்தினுசே இயற்றியது என்பார் அறிஞர் சிலர். படித்துப் பாருங்கள், மறுப்பு நூல்கள் காட்டிய சிக்கலான தெய்வ வரிசை இதில் இல்லை. அறியாமை மூடுபனி போல் இறுகுகிறது. உறங்குவோர் தீக்கனவில் துரத்தப்பட்டு ஓடுகின்றனர், வீழ்கின்றனர், சிறகின்றிப் பறக்கின்றனர். விழித்ததும் அவை யாவும் இன்மையாகின்றன. மறுப்பவர் சொல்லியிராத மற்றொன்றும் உண்டு. சிலுவையை இப்பனுவல் ஒதுக்கவில்லை. மரத்தில் அறையப்பட்டவர் அங்கே தந்தையை அறியும் கனியாகிறார். உண்டோர் அழியவில்லை, மகிழ்கின்றனர். லியோன் ஆயர் இப்பகுதியைப் படித்திருந்தால் என்ன எழுதியிருப்பார்?

அந்த முதற் கட்டின் பெரும்பகுதி களவாக எகிப்தை விட்டு வெளியேறி, 1952இல் சூரிச்சில் யுங் பெயரால் அமைந்த நிறுவனத்தின் கைக்கு வந்தது. பின்னர் அது திரும்பிச் சென்று கெய்ரோவின் கொப்திய அருங்காட்சியகத்தில் ஏனைய கட்டுகளோடு சேர்ந்தது. ஏழு வரிப் பாடலுக்கு எதிரி எழுதிவைத்த ஆசிரியர் பெயர் இருக்கிறது. இப்பனுவலில் எப்பெயரும் இல்லை.