பீட்டிலின் தரையும் கார்மன் வைத்த இரும்பும்

கூரை மடங்கும் பழைய கார்களைப் பற்றித் தேடினால் எல்லாரும் கூரையைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் கொஞ்ச நாளா தரையைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கிட்டு இருக்கேன். முக்கியமா ஒரே ஒரு கார்: ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் கன்வெர்ட்டிபிள் வகை.

இதைக் கட்டியது ஃபோக்ஸ்வாகன் இல்லை. ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் நகரில் 1901-இல் தொடங்கிய கார்மன் என்ற பட்டறை. காருக்கு உடல் கட்டித் தருவதுதான் அவர்கள் தொழில். 1949-இல் ஃபோக்ஸ்வாகன் முதலில் 1,000 கார்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அதே வருஷம் ஹெப்முல்லர் என்ற இன்னொரு பட்டறைக்கும் இரண்டு சீட் வகைக்கு ஆர்டர் போனது. அங்கே தீப்பிடித்து, சுமார் 700 காரோடு அந்தக் கதை முடிந்துவிட்டது. கார்மன் 1980 ஜனவரி வரை கட்டிக்கொண்டே இருந்தது. மொத்தம் 3,31,000-க்கும் மேல். மூடிய பீட்டிலை ஜெர்மனியில் 1978-லேயே நிறுத்திவிட்டார்கள் என்பதை இங்கே சேர்த்துப் பார்க்கணும்.

சரி, கூரையை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? தீப்பெட்டியின் மேலுறையை உருவிவிட்டு உள்பெட்டியை மட்டும் கையில் எடுத்து முறுக்கிப் பாருங்க. அதுதான் ஆகும். பீட்டிலின் வளைந்த கூரை வெயிலுக்கும் மழைக்கும் மட்டும் வைத்ததில்லை. காரின் முன்பாதியையும் பின்பாதியையும் இழுத்துப் பிடிப்பதில் அதற்கும் பங்கு உண்டு. அது போனதும் மொத்தச் சுமையும் கீழே இறங்குகிறது. கார்மன் கண்ட வழி, கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஓடுகிற பெட்டி போன்ற குழாய்களுக்கு அடியில் கூடுதலாக எஃகு உத்தரம் கொடுத்தது. அதனால்தான் கூரையில்லாத கார் கூரையுள்ள காரைவிட எடை அதிகம். முதல் தடவை படிச்சப்போ அச்சுப்பிழைன்னே நினைச்சேன்.

இனி துருவுக்கு வருவோம். அந்தப் பெட்டிக்குழாய்கள்தான் என்ஜின் சூட்டை முன்பக்கம் கொண்டுபோகிற ஹீட்டர் வழியும்கூட. உள்ளே துரு பிடித்தால் வெளியே தெரியாது. துணிக்கூரையின் ஓரங்களில் கசியும் மழைநீர் கம்பளத்தில் இறங்கும். தரைமேல் சத்தம் குறைக்க ஒட்டிய தார் அட்டைக்கு அடியில் ஈரம் மாசக்கணக்கில் நிற்கும். பேட்டரி இருப்பது பின் சீட்டுக்குக் கீழே, வலப்பக்கம். அமிலம் சொட்டும் இடம் அது. ஓட்டை முதலில் விழுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

பீட்டிலின் அடித்தளம் எளிமையானது. நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு டனல். அதன் இருபுறமும் அழுத்தி வார்த்த தகடு ஒவ்வொன்று. உடல் இந்தத் தகடுகளின் ஓரத்தில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். மூடிய காரில் தகட்டை வெட்டி எடுத்தாலும் கூரை ஓரளவு தாங்கும். கன்வெர்ட்டிபிளில் தாங்க எதுவுமில்லை. அழுகின காரை அப்படியே ஜாக்கியில் தூக்கி வெட்டினால் நடுவில் தொய்ந்துபோகும். தொய்ந்த நிலையிலேயே புதுத் தகட்டை வெல்டிங் பண்ணிட்டா, அந்தக் கோணல் நிரந்தரம். கதவு அதற்கப்புறம் ஒழுங்கா மூடவே மூடாது.

ஆகவே விவரம் தெரிந்தவர்கள் முதலில் கதவு இடைவெளிகளை அளந்து சரிசெய்கிறார்கள். பிறகு கதவு வாசலின் குறுக்கே, கீல் தூணுக்கும் பூட்டுத் தூணுக்கும் நடுவே, இரும்புக் குழாயைத் தற்காலிகமாகப் பற்றவைக்கிறார்கள். ஒரு பக்கம் முழுக்க முடித்த பிறகே அடுத்த பக்கம். பெட்ரோல் குழாய் போவதும் அந்த டனலுக்குள்தான்! பேட்டரியைக் கழற்றி, பெட்ரோலை வடித்துக் குழாயையும் காலி செய்யாமல் பக்கத்தில் தீப்பொறி பறக்கவிடுவது தற்கொலைக்குச் சமம். பழைய ஸ்பாட் வெல்டுகளைத் துளைத்துத் தகட்டைப் பிரித்து, புதியதை வைத்து, கொஞ்சம் கொஞ்சமா இடம்விட்டுப் பற்றவைக்கணும். ஒரே இழுப்பில் போனால் சூட்டில் தகடு நெளியும்.

தரைத்தகடு இரண்டு வகைக் காருக்கும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் பலர் பெட்டிக்குழாயும் அப்படித்தான் என்று நினைத்து, மலிவா கிடைக்கிற மூடிய கார் பாகத்தை வாங்கிப் பொருத்திவிடுகிறார்கள். பெயின்ட் அடித்த பிறகு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கார்மன் வைத்த இரும்பு அந்தக் காரில் இருக்காது. என்னைக் கேட்டால், ஓட்டைமேல் ஃபைபர் ஒட்டித் தார் பூசி விற்பதைவிட இது மோசம். அதையாவது கீழே குனிந்தால் கண்டுபிடித்துவிடலாம். முன் சீட்டின் தண்டவாளம் ஒரு ஓரம் டனலிலும் மறு ஓரம் தரைத்தகட்டிலும் இருக்கிறது; ஓட்டுகிறவர் உட்கார்ந்திருப்பதே இந்த வேலையின் மேல்தான்.

தரையை மாற்றினால் அசல் கார் இல்லை என்று வாதாடுபவர்களும் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. சேஸிஸ் எண் குத்தியிருப்பது பின் சீட்டுக்குக் கீழே, டனலின் மேல்பக்கம். இருபுறத் தகடுகளும் எத்தனை தடவை மாறினாலும் அந்த எண் இருந்த இடத்திலேயே இருக்கும். வாங்கப் போகிறவர் அதைப் பார்க்க எப்படியும் சீட்டைத் தூக்கியாகணும். தூக்கினதும் வலப்பக்கம் பேட்டரிக்கு அடியில் ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்திப் பார்த்துவிடலாம்.