டட்லி தெரு மக்கள் அமைப்பு

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ராக்ஸ்பரி, வட டார்செஸ்டர் பகுதிகளில் 1984 முதல் இயங்கிவரும் குடியிருப்பாளர் அமைப்பு. ஏழை மக்கள் வாழும் பகுதியைச் சீரமைக்கும்போது அம்மக்களிடம் கருத்துக் கேட்பது பல நகரங்களில் வழக்கம். இங்கே நிலத்தின் மீதான அதிகாரமே அவர்கள் கைக்கு வந்தது.

கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வழியினர், கேப் வெர்டே தீவுகளிலிருந்து குடியேறியவர்கள், வெள்ளையர் எனப் பலரும் கலந்து வாழும் பகுதி இது. வங்கிகள் இங்கு வீட்டுக்கடன் தர மறுத்தன. வசதி படைத்தோர் வெளியேறினர். காப்பீட்டுப் பணத்துக்காகக் கட்டடங்களுக்குத் தீ வைப்பதும் நடந்தது. 1980களில் சுமார் 1,300 மனைகள் வெறிச்சோடிக் கிடந்தன. வெளியிலிருந்து வந்த லாரிகள் அங்கே குப்பையையும் இடிபாடுகளையும் கொட்டிவிட்டுப் போயின.

ரைலி அறக்கட்டளையின் உதவியுடன் தொண்டு நிறுவனங்கள் ஒரு மீட்புத் திட்டத்தை வகுத்தன. நல்லெண்ணத்தோடு செய்த ஏற்பாடுதான்; ஆனால் நிர்வாகக் குழுவில் குடியிருப்பாளர்களுக்குச் சில இடங்களே இருந்தன. 1985இல் நடந்த பொதுக்கூட்டத்தில் மக்கள் இதை வெளிப்படையாக எதிர்த்தனர். மேடையில் இருப்பவர்களில் எத்தனை பேர் இந்தப் பகுதியில் வாழ்கிறார்கள் என்ற கேள்வி எழுந்தது. திட்டம் தந்தவர்கள் கோபித்துக்கொண்டு விலகவில்லை; குழுவை மாற்றியமைத்தனர். புதிய குழுவில் குடியிருப்பாளர்களே பெரும்பான்மை. மக்கள்தொகை எவ்வளவாக இருந்தாலும் நான்கு இனத்தவருக்கும் சம இடங்கள் ஒதுக்கப்பட்டன. பின்னாளில் கிடைத்த வெற்றிகளுக்கெல்லாம் இந்த மாற்றமே அடித்தளம்.

அமைப்பு முதலில் கையில் எடுத்தது வீட்டுப் பிரச்சினையை அல்ல, குப்பையை. தங்கள் பகுதியில் கொட்டாதே என்ற 1986ஆம் ஆண்டுப் போராட்டத்தால் சட்டவிரோதக் குப்பைக் கிடங்குகள் மூடப்பட்டன. மேயர் ரேமண்ட் ஃபிளின் நேரில் வந்து ஆதரவு தெரிவித்தார். எல்லோர் கண்ணிலும் மூக்கிலும் படும் தொல்லை நீங்கியதும் மக்களுக்கு நம்பிக்கை பிறந்தது. மறு ஆண்டு குடியிருப்பாளர்களே முன்னின்று வகுத்த வளர்ச்சித் திட்டத்தை நகர நிர்வாகம் ஏற்றுக்கொண்டது.

ஆனால் காலி மனைகள் பல உரிமையாளர்களிடம் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒன்றுசேர்க்காமல் வீடு கட்ட முடியாது. எனவே, இழப்பீடு தந்து நிலத்தைக் கையகப்படுத்தும் அதிகாரத்தைத் தங்களுக்கே தரும்படி மக்கள் கோரினர். அதே அதிகாரத்தால்தான் 1950களின் இறுதியில் பாஸ்டனின் வெஸ்ட் எண்ட் பகுதி தரைமட்டமாக்கப்பட்டு, அங்கிருந்த எளிய குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 1988இல் பாஸ்டன் மறுவளர்ச்சி ஆணையம், 64 ஏக்கர் கொண்ட டட்லி முக்கோணப் பகுதியின் காலி மனைகளுக்கு மட்டும் இந்த அதிகாரத்தை அமைப்புக்கு வழங்கியது. அமெரிக்காவில் ஒரு குடியிருப்பாளர் அமைப்பு இதைப் பெற்றது அதுவே முதல் முறை.

நிலத்தை வாங்க ஃபோர்டு அறக்கட்டளை 20 லட்சம் டாலர் கடன் கொடுத்தது. இதற்கென அமைந்த சமூக நில அறக்கட்டளையிடமே நிலத்தின் உரிமை நிலைத்திருக்கும். வீடு மட்டும் குடும்பத்துக்குச் சொந்தம். நிலத்துக்கு நீண்டகாலக் குத்தகை. வீட்டை விற்கலாம், ஆனால் விலைக்கு உச்சவரம்பு உண்டு. ஆகவே அடுத்து வருபவரும் எளிய வருவாய் உள்ளவராகவே இருக்க முடிகிறது. 2008ஐ ஒட்டிய கடன் நெருக்கடியில் சுற்றுப்புறத்தில் பல வீடுகள் ஏலத்துக்குப் போயின. அறக்கட்டளை நிலத்து வீடுகள் பெரும்பாலும் தப்பின.

இன்று அந்நிலத்தில் 200க்கும் மேற்பட்ட வீடுகளும், பூங்காக்களும், காய்கறி விளையும் பசுமைக்குடிலும் உள்ளன. எனினும் அறக்கட்டளையிடம் இருப்பது பகுதியின் ஒரு பங்கு நிலமே. அதன் எல்லைக்கு வெளியே வாடகையை உயராமல் தடுக்க அமைப்புக்கு அதிகாரம் இல்லை.