வடக்கின் வெயிலில் ஓர்கிட்: கடன் எடுக்க முன் அறிய வேண்டியவை

வீட்டு வளவில் ஓர்கிட் வளர்த்து வருமானம் பார்க்கலாமா என்ற கேள்வியை வடக்கில் பல பெண்களிடம் கேட்டிருக்கிறேன். அவர்களில் குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள் அதிகம். நிழல்வலைக்கும் கன்றுக்கும் நுண்கடன் எடுக்க நினைப்பவர்களும் உண்டு. ஓர்கிட் இங்கு வளரும். ஆனால் கத்தரி, மிளகாய்க்குத் தண்ணீர் விடுவதுபோல இதற்கும் விட்டால் ஒரு மாரிக்குள் அழுகிவிடும்.

மண் வேண்டாம்

வெப்பவலய ஓர்கிட்களில் பெரும்பாலானவை மரங்களில் ஒட்டி வளர்பவை. குருவிச்சையைப்போல மரத்தின் சாற்றை இவை உறிஞ்சுவதில்லை. வேரைச் சுற்றியுள்ள வெண்ணிற உறை மழைநீரைப் பஞ்சுபோல இழுத்துக்கொள்ளும்; பிறகு காற்றில் உலரும். மண்ணுக்குள் வைத்தால் அந்த வேருக்குக் காற்றுக் கிடைக்காது.

ஓட்டை நிறைந்த மண்சட்டியில் சிரட்டைக்கரி, ஓட்டுத் துண்டு, பொச்சு மட்டைத் துண்டு போட்டு நடலாம். பொச்சில் உப்பும் சாயமும் இருப்பதால் சில நாட்கள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவிய பின்னரே பயன்படுத்த வேண்டும்.

எந்த வகை?

எமது வெப்பத்துக்கு டென்ட்ரோபியம் கலப்பினங்களும் வண்டாவும் பொருந்தும். கடைகளில் கண்ணைப் பறிக்கும் பெலனொப்சிஸ் மீண்டும் பூக்க, சில வாரங்களுக்காவது இரவு வெப்பநிலை 25 பாகை செல்சியஸுக்குக் கீழ் இறங்க வேண்டும். எமது கோடையில் அது கிடைக்காது. வருமானத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

தண்ணீர்தான் சிக்கல்

யாழ். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணக்கல்லில் தேங்குவது. கேத்தில் அடியில் படியும் வெள்ளைப் படிவு அந்தச் சுண்ணாம்புதான். கரையோரக் கிணறுகளில் உவரும் சேர்கிறது. அதே படிவு வேரிலும் இலையிலும் பிடித்தால் செடி மெல்ல மெல்லத் தேயும். ஐப்பசி, கார்த்திகை மழையைக் கூரைப் பீலியால் தாங்கியில் சேமிப்பதே சிறந்த வழி. சேமித்த நீர் குறைந்தால் கிணற்று நீருடன் கலந்து விடலாம். தாங்கியை நுளம்பு புகாமல் மூடி வையுங்கள்.

காலையில் ஊற்றுங்கள். நனைந்த வேர் பச்சையாகத் தெரியும். உலர்ந்தால் மீண்டும் வெள்ளையாகும். வெள்ளையானபின் ஊற்றினால் போதும். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் தினமும் தேவைப்படலாம். மாரியில் சட்டிகளை மழை படாத இடத்துக்கு மாற்றுங்கள்.

நிழலும் உரமும்

டென்ட்ரோபியத்துக்கு 50 சதவீத நிழல்வலை போதும். இலை கரும்பச்சையாகிப் பூக்காவிட்டால் வெளிச்சம் போதாது. மஞ்சளாகிக் கருகினால் வெயில் அதிகம். வலை இல்லாதவர்கள் மாமர நிழலின் ஓரத்தில் தொங்கவிடலாம். நீரில் கரையும் 20-20-20 உரத்தை ஒரு லீற்றருக்கு 1 கிராம் அளவில் வாரம் ஒருமுறை தெளியுங்கள். அளவைக் கூட்டினால் பூ கூடாது, வேர்தான் கருகும்.

இலை உதிர்ந்த பழைய தண்டை வெட்டாதீர்கள். அதில் உணவு சேமிக்கப்பட்டிருக்கும். சிலவேளை மீண்டும் பூக்கும். தண்டின் மேற்பகுதியில் முளைக்கும் குட்டிக்கு 5 சென்ரிமீற்றர் அளவு வேர் வந்தபின் பிரித்து நடலாம். காசு கொடுக்காமல் கிடைக்கும் கன்று இதுதான்.

காட்டில் எடுக்காதீர்கள்

இலங்கையில் 180க்கும் மேற்பட்ட காட்டு ஓர்கிட் இனங்கள் உள்ளன. உலர்வலயக் காடுகளிலும் வண்டா இனங்கள் உண்டு. காட்டு ஓர்கிட்டின் விதையில் சேமிப்புணவு இல்லை. குறிப்பிட்ட பூஞ்சையின் துணையுடன்தான் அது முளைக்கும். அதனால் பிடுங்கிய செடியின் இடத்தில் இன்னொன்று எளிதில் வராது. அரச காடுகளில் பிடுங்குவது குற்றமும்கூட. இழைய வளர்ப்பில் உருவான நாற்றுமேடைக் கன்றுகளையே வாங்குங்கள்.

கணக்கு

போத்தலில் வளர்ந்த சிறு கன்று பூக்க இரண்டு, மூன்று ஆண்டுகள் எடுக்கலாம். நுண்கடன் தவணையோ வாரந்தோறும் வாசலுக்கு வரும். எனவே கடனில் தொடங்காதீர்கள். பூக்கும் பருவத்திலுள்ள 5 சட்டிகளை வாங்கி, ஒரு கோடையும் ஒரு மாரியும் வளர்த்துப் பாருங்கள். உங்கள் ஊரில் பூவையும் கன்றையும் யார் வாங்குவார்கள், என்ன விலைக்கு வாங்குவார்கள் என்று அந்த ஓராண்டில் விசாரியுங்கள். இரண்டுக்கும் நல்ல பதில் கிடைத்தால் ஆறாவது சட்டியை வாங்கலாம்.