ஆணையும் அனலும்

டோல்கேட்டிலிருந்து திருவொற்றியூர் நெடுஞ்சாலை வழியே தெற்கு நோக்கிப் பழைய வண்ணாரப்பேட்டையை அடைகிறவர், சர் பிட்டி தியாகராயரின் பெயர் தாங்கிய கல்லூரியைக் காணாமல் கடந்துபோக இயலாது. முதன்மந்திரி பதவியைத் தாம் ஏற்காமல் பிறருக்கு விட்டுக்கொடுத்த அப்பெருமகனார், டாக்டர் நாயரோடும் டாக்டர் நடேச முதலியாரோடும் சேர்ந்து 1916-இல் தோற்றுவித்த தென்னிந்திய நல உரிமைச் சங்கம், நீதிக்கட்சி என்ற பெயரோடு 1920-இல் மாகாண ஆட்சியைப் பெற்று, மறு ஆண்டே, 1921 செப்டம்பர் 16-ஆம் நாள், அரசாங்க உத்தியோகங்களில் பல வகுப்பாருக்கும் இடமளிக்க வேண்டுமென்று ஆணை பிறப்பித்தது. இந்நாட்டின் சமூக சரித்திரத்தில் அதற்கு ஒப்பான ஆணைகள் மிகச் சில என்பதே என் துணிபு.

ஆயினும், அதே மாதங்களில் புளியந்தோப்பில் நடந்தவற்றையும் உடன்வைத்து வாசிக்காதவன் அவ்வாணையைப் பாதியே அறிந்தவனாவான். பெரம்பூர் பி அண்டு சி நெசவாலையில் அவ்வாண்டு ஜூனில் மூண்ட வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீடித்தது; சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நிற்க, ஆதிதிராவிடரில் பெரும்பாலோர், வறுமை ஒரு புறமும் நிர்வாகத்தாரின் தூண்டுதல் மறுபுறமும் நெருக்க, ஆலைக்குள் சென்றனர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, போலீசாரின் துப்பாக்கிகள் வெடித்தன, உயிர்கள் மாண்டன. வீடிழந்தவர்க்குத் துணைநிற்க வேண்டிய தருணத்தில், நீதிக்கட்சியின் 'ஜஸ்டிஸ்' ஏடு, தொழிலாளர் இலாகா அதிகாரிகள் ஆதிதிராவிடருக்கு அளவுக்கு மீறிச் சலுகை காட்டியதே இக்கேட்டிற்கு ஒரு காரணமென்று தலையங்கம் தீட்டியது. அதை எண்ணுந்தோறும் என் நெஞ்சு வேதனையுறுகிறது.

அமெரிக்க தேசத்தின் சரித்திரமும் இதே வடுவைச் சுமக்கிறது. 1919 ஜூலையில் சிக்காகோ நகரத்து நிறக்கலகத்தில் 38 பேர் மாண்டனர். அவ்வாண்டின் இறுதியில் எஃகுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, சங்கங்கள் பல தம் வாயிலை அடைத்துவைத்திருந்த கறுப்பினத்தாரையே முதலாளிகள் ஆயிரக்கணக்கில் ஆலைகளுக்கு அழைத்துவந்தனர். ரூஸ்வெல்ட்டின் ஆட்சி 1935-இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டமோ, தென்னாட்டுக் கறுப்பினத்தாரில் பெரும்பகுதியினர் ஈடுபட்டிருந்த வயல் வேலையையும் வீட்டு வேலையையும் விலக்கிவைத்தது. வெள்ளைத் தொழிலாளிக்குக் கூலி குறைந்தபோதிலும், நிறத்தின் பெயரால் கிட்டிய சமூக கௌரவம் அவனைக் கறுப்புத் தொழிலாளியிடமிருந்து பிரித்தது என்று அதே 1935-இல் வெளியான நூலொன்றில் கறுப்பின அறிஞர் டூ பாய்ஸ் விளக்கினார். நிறம் என்னுமிடத்தில் சாதி என்று வைத்தால், பெரம்பூருக்கும் அவ்விளக்கம் பொருந்தும்.

ஆதிதிராவிடரின் பிரதிநிதியாகச் சட்டசபையில் வீற்றிருந்த எம்.சி. ராஜா, பறையர், பஞ்சமர் என்ற பெயர்களை அரசாங்க ஏடுகளிலிருந்து நீக்கி, ஆதிதிராவிடர் என்று வழங்கும்படி 1922 ஜனவரியில் தீர்மானம் நிறைவேறச் செய்தார். சபையில் அவ்வெற்றியைப் பெற்றும், புளியந்தோப்பின் துயரத்தை மறவாத அவர் 1923-இல் நீதிக்கட்சியை விட்டு விலகினார். 1928-இல் அமைச்சர் முத்தையா முதலியார் வகுத்த வகுப்புவாரி முறையில், பன்னிரண்டு உத்தியோகங்களுக்கு ஒன்றே தாழ்த்தப்பட்டோருக்கு என்று ஏற்பட்ட விவரத்தை அடுத்த வாரம் காண்போம்.