எத்தனை பிடி, எத்தனை வேளை: குழந்தைக்கான இணை உணவின் அளவு குறித்த வரலாற்று ஆய்வு

முன்னுரை

ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு எவ்வளவு திட உணவு கொடுக்க வேண்டும்? சேர்வராயன் மலையில் ஏற்காட்டை அடுத்த கிளியூரானாலும் சென்னை நகரமானாலும் தாய்மார் கேட்கும் கேள்வி இதுதான். அதற்குச் சொல்லப்பட்ட விடை மட்டும் காலத்துக்குக் காலம் மாறிவந்திருக்கிறது. மரபு நூல்கள் உணவின் தன்மையைச் சொல்லின. இருபதாம் நூற்றாண்டின் ஆய்வகங்கள் கலோரியை எண்ணின. இன்றைய வழிகாட்டிகள் கரண்டியையும் கிண்ணத்தையும் காட்டுகின்றன. இந்த மாற்றத்தைத் தடம் பிடிக்கும் இக்கட்டுரை ஒரு முடிவை முன்வைக்கிறது: இணை உணவின் அளவு என்பது கிண்ணத்தின் கொள்ளளவு மட்டுமன்று. உணவின் கெட்டித்தன்மை, ஊட்டும் வேளைகள், குழந்தையின் பசிக்குறிப்பு, ஊட்டுபவருக்குக் கிடைக்கும் நேரம் ஆகிய நான்கும் சேர்ந்ததே அளவு.

மரபு நூல்களில் அளவு

சுசுருத சங்கிதை ஆறாம் மாதத்தில் குழந்தைக்கு எளிதில் செரிக்கும், உடலுக்கு இதமான அன்னத்தைத் தரச் சொல்கிறது. மனு நூலும் அன்னம் ஊட்டும் சடங்கை ஆறாம் மாதத்தில் வைக்கிறது. குழந்தை மருத்துவத்துக்கென்றே அமைந்த காசியப சங்கிதை ஆறாம் மாதத்தில் பழத்தையும் பத்தாம் மாதத்தில் தானிய உணவையும் தொடங்கச் சொல்கிறது. தொடங்கும் மாதத்தில் இவை வேறுபட்டாலும், இவ்விடங்களில் எதுவும் இத்தனை பிடி என்று வரையறுக்கவில்லை. எப்போது, எப்படிப்பட்ட உணவு என்பதோடு நிறுத்திக்கொண்டு, எவ்வளவு என்பதை ஊட்டும் கைக்கு விட்டுவிட்டன.

தமிழ் இலக்கியம் இதே காட்சியைக் குழந்தையின் பக்கம் நின்று பார்க்கிறது. புறநானூற்றின் 188ஆம் பாடலில் பாண்டியன் அறிவுடை நம்பி காட்டும் குழந்தை நெய்ச்சோற்றைத் தொடுகிறது, கவ்வுகிறது, துழாவுகிறது, உடலெங்கும் சிதறவும் செய்கிறது. குழந்தை தன் சிறுகையால் அளைந்த கூழ் பெற்றோருக்கு அமிழ்தினும் இனிது என்கிறார் வள்ளுவர். குழந்தை தானே கைவைத்து உண்பதை இரு புலவர்களும் குறையாகக் காணவில்லை, செல்வமாகவே கண்டார்கள். குழந்தையின் விருப்பறிந்து ஊட்டுவதை இன்றைய குழந்தை மருத்துவம் வற்புறுத்தும்போது இச்சான்றுகளின் அருமை கூடுகிறது.

குன்னூர் ஆய்வகமும் கலோரிக் கணக்கும்

உணவை எடைபோட்டுச் சத்தைக் கணக்கிடும் முறை தமிழகத்தில் வேரூன்றியது இன்னொரு மலையில். 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் ஆய்வைத் தொடங்கினார். அது வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வகமாயிற்று. அவருக்குப் பின் 1935இல் பொறுப்பேற்ற டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு, இந்திய உணவுகளின் சத்து மதிப்பைத் தொகுத்து 1937இல் வெளியிட்டார். கேழ்வரகிலும் சாமையிலும் பருப்பிலும் என்ன இருக்கிறது என்பதை எண்ணாகச் சொல்ல அதன்பின் வழி பிறந்தது. 1958இல் ஆய்வகம் ஐதராபாத்துக்கு மாறி, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது.

அந்த ஆய்வகத்தை வழிநடத்தியவர்களுள் ஒருவரான சி. கோபாலன் 1918இல் சேர்வராயன் மலையடியில் உள்ள சேலத்தில் பிறந்தவர். 1933இல் சிசிலி வில்லியம்ஸ் மேற்கு ஆப்பிரிக்காவில் குவாஷியோர்கர் நோயை விவரித்தார். அதன்பின், பால் மறக்கும் பருவத்துக் குழந்தைகளின் நோய்க்குப் புரதக் குறைவே காரணம் என்ற கருத்து உலகெங்கும் ஓங்கியது. புரதச் செறிவான மாவுகளைத் தேடி ஆய்வுகள் பெருகின. குவாஷியோர்கர் கண்ட குழந்தையும் மராஸ்மஸ் கண்டு எலும்பும் தோலுமான குழந்தையும் உண்ட உணவில் பெரிய வேறுபாடு இல்லை என்று கோபாலன் 1968இல் எடுத்துக்காட்டினார். இந்தியக் குழந்தைக்கு முதல் தேவை வயிறாரக் கிடைக்கும் வழக்கமான வீட்டு உணவு என்பது அவர் நிலைப்பாடு. எவ்வளவு என்ற கேள்வியை ஆய்வின் நடுவுக்குக் கொண்டுவந்தவர்களுள் அவருக்குச் சிறப்பிடம் உண்டு.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் உருவான ஐதராபாத் கலவை இந்த எண்ணத்தின் விளைவு. வறுத்த கோதுமை 40 கிராம், பொட்டுக்கடலை 16 கிராம், நிலக்கடலை 10 கிராம், வெல்லம் 20 கிராம் சேர்த்தால் 86 கிராம் வரும். அதில் 330 கிலோகலோரியும் 11.3 கிராம் புரதமும் உண்டு. எடை குறைந்த குழந்தையைத் தேற்றும் இக்கலவையின் எல்லாப் பொருளும் மளிகைக் கடையில் கிடைப்பவை.

திட்டங்களின் காலம்

1975 அக்டோபர் 2இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. 1980இல் உலக வங்கிக் கடனுதவியுடன் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் புதிய வழி ஒன்றைத் தேர்ந்தது. மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முதலில் நடத்திப் பார்க்கப்பட்ட அத்திட்டம் 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்துப் பார்த்தது. எடை உரிய அளவு ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை கொடுக்கப்பட்டது; எடை தேறியதும் நிறுத்தப்பட்டது. தாய்க்கு வீட்டு உணவைப் பற்றிய அறிவுரையும் உடன் வந்தது. எல்லாருக்கும் ஒரே அளவு என்பதை விடுத்து, அந்தந்தக் குழந்தையின் எடைக்கோட்டைப் பார்த்து அளவு முடிவுசெய்த முயற்சி என்பதால் இவ்வரலாற்றில் இத்திட்டம் ஒரு திருப்பம்.

பின்னர் அங்கன்வாடிகள் வழியே வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவு பரவலாயிற்று. 2009இல் திருத்தப்பட்ட மத்திய அரசின் வரையறை 6 மாதம் முதல் 6 வயது வரை நாளொன்றுக்கு 500 கிலோகலோரி, 12 முதல் 15 கிராம் புரதம் என்று வைத்தது. பரந்த திட்டத்தை நடத்த இத்தகைய ஒரே எண் வசதியானது. இணை உணவிலிருந்து ஏழு மாதக் குழந்தைக்கு வேண்டிய ஆற்றலோ இரண்டு வயதை நெருங்கும் குழந்தைக்கு வேண்டியதில் பாதிகூட இல்லை. இந்த இடைவெளியை நிரப்புவது அங்கன்வாடிப் பணியாளர் தாயிடம் சொல்லும் சொல்தான்.

மாறிய எண்கள், வந்த கிண்ணம்

தாய்ப்பாலுக்கு மேல் இணை உணவிலிருந்து வர வேண்டிய ஆற்றலை உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1998இல் 6–8 மாதத்துக்கு 269, 9–11 மாதத்துக்கு 451, 12–23 மாதத்துக்கு 746 கிலோகலோரி என்று மதிப்பிட்டன. 2003இல் வந்த வழிகாட்டு நெறிகளில் அவை முறையே 200, 300, 550 ஆகக் குறைந்தன. இடையில் 2001இல், முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்பதை உலக சுகாதாரப் பேரவை ஏற்றது. இந்தியாவின் 1992ஆம் ஆண்டுக் குழந்தை உணவுச் சட்டமும் 2003இல் திருத்தப்பட்டு, நான்கு மாதம் என்றிருந்தது ஆறு மாதமாயிற்று.

கலோரியை வைத்து எந்தத் தாயும் ஊட்ட முடியாது என்பதால் எண்கள் கிண்ணமாக மாற்றப்பட்டன. ஆறு மாதம் நிறைந்ததும் வேளைக்கு இரண்டு, மூன்று மேசைக்கரண்டியில் தொடங்கி, படிப்படியாக 250 மில்லி கிண்ணத்தில் பாதி வரை, நாளுக்கு 2–3 வேளை. 9–11 மாதத்தில் அதே அரைக் கிண்ணம், 3–4 வேளை. 12–23 மாதத்தில் முக்கால் முதல் முழுக் கிண்ணம், 3–4 வேளை. தேவைப்பட்டால் இடையில் ஒன்றிரண்டு சிற்றுண்டி. தாய்ப்பால் இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தொடர வேண்டும்.

இந்த அட்டவணையோடு வரும் ஒரு குறிப்பு பலர் கண்ணிலும் படுவதில்லை. கிராமுக்கு 0.8 முதல் 1 கிலோகலோரி உள்ள உணவுக்கே இந்த அளவு பொருந்தும். 0.6 மட்டும் இருந்தால் 6–8 மாதத்தில் அரைக் கிண்ணம் மூன்றில் இரண்டு பங்காக வேண்டும், அல்லது உணவைச் செறிவாக்க வேண்டும். கணக்கு இதை விளக்கும். 0.8 செறிவுள்ள அரைக் கிண்ணத்தில் ஏறத்தாழ 100 கிலோகலோரி. இரு வேளையில் 200 வந்துவிடும். நீர்த்த கஞ்சியின் செறிவு 0.4 என்றால் அதே 200க்கு அரைலிட்டர் புகட்ட வேண்டும். குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 30 கிராம் அளவே கொள்ளும். ஏழு கிலோ குழந்தைக்கு 210 கிராம். கஞ்சியால் வயிறு நிறைந்தால் தாய்ப்பாலும் குறையும். பருப்பைத் தாய்க்கு வைத்துவிட்டுப் பருப்புத் தண்ணீரைக் குழந்தைக்கு ஊட்டும் வழக்கத்தின் ஆபத்து இங்கேதான்.

சேர்வராயன் மலையின் விடை

கேழ்வரகும் சாமையும் தினையும் இம்மலைகளில் மலையாளிப் பழங்குடியினர் நெடுங்காலம் விளைவித்த தானியங்கள். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. 25 கிராம் மாவில் 80 கிலோகலோரி. அதை 100 கிராம் கூழாகக் காய்ச்சினால் வேண்டிய 0.8 செறிவு கிடைத்துவிடும். ஆனால் சாதாரண மாவு அந்த அளவில் களியாக இறுகும், குழந்தையால் விழுங்க முடியாது. தண்ணீர் சேர்த்தால் இளகும், செறிவு போய்விடும்.

இச்சிக்கலை அவிழ்ப்பது முளைகட்டுதல். தானியத்தை இரவு முழுதும் ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத்துணியில் இறுகக் கட்டி வைத்தால் மறுநாள் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். நிழலில் உலர்த்தி, மணம் வரும்வரை இளஞ்சூட்டில் வறுத்து, அரைத்துச் சலித்தால் மாவு. முளைக்கும்போது உண்டாகும் அமைலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால், கூழ் இறுகாமல் கரண்டியில் நின்று மெல்ல வழியும் பதத்துக்கு வருகிறது. 1980களில் பரோடாவில் தாரா கோபால்தாசும் அவர் குழுவினரும், முளைதானிய மாவைச் சிறிதளவு சேர்த்தாலே கெட்டிக் கூழ் இளகுவதையும் குழந்தை கூடுதலாக உண்பதையும் ஆய்ந்து நிறுவினர். அதோடு ஒரு கரண்டி நெய்யோ எண்ணெயோ, மசித்த பருப்போ முட்டையோ சேர்ந்தால் அரைக் கிண்ணம் முழுமை பெறும்.

வேளைகளின் கேள்வி உழைப்போடு பிணைந்தது. 1820களில் சேலம் கலெக்டர் எம். டி. காக்பர்ன் கொண்டுவந்த காபி இம்மலையின் பொருளாதாரத்தை மாற்றியது. பழம் பறிக்கும் பருவத்தில் காலையில் தோட்டத்துக்குப் போகும் தாய் மாலையில்தான் திரும்புகிறாள். இடையில் இரண்டு வேளை யார் ஊட்டுவது? 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று விதித்தது. 1981ஆம் ஆண்டுத் திருத்தம் 20 குழந்தைகள் இருந்தாலும் போதும் என்று விரித்தது. சிறு தோட்டத்திலும் கூலி வேலையிலும் உள்ள தாய்க்கு இந்தப் பாதுகாப்பு எட்டவில்லை. அவள் குழந்தையின் அளவு பாட்டியின் கையிலோ அக்காளின் கையிலோதான் இருக்கிறது.

பசிக்குறிப்பும் ஓர் அளவே. 1920களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் பால் மறந்த குழந்தைகளின் முன் பதப்படுத்தாத எளிய உணவுகள் பலவற்றை வைத்து, தாமே தேர்ந்து உண்ணவிட்டார். குழந்தைகள் நன்கு வளர்ந்தன. வைக்கப்பட்ட உணவெல்லாம் நல்லுணவு என்பதே அதன் அடிப்படை. எதை வைப்பது என்பது பெரியவர் பொறுப்பு. வாயைத் திருப்பிக்கொள்ளும்போது நிறுத்துவது குழந்தையின் உரிமை.

முடிவுரை

இந்தியாவில் 6–23 மாதக் குழந்தைகளில் போதிய உணவு பெறுவோர் 2015–16இல் 9.6 விழுக்காடு, 2019–21இல் 11.3 விழுக்காடு என்று தேசியக் குடும்பநல ஆய்வுகள் காட்டுகின்றன. நூறாண்டு ஆய்வு பல வீடுகளின் கிண்ணத்தை இன்னும் எட்டவில்லை. கிளியூர் போன்ற மலையூர்களுக்கு இவ்வரலாறு மூன்று பணிகளைச் சுட்டுகிறது. அங்கன்வாடியில் மாவுப் பொட்டலத்தோடு, கூழ் எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்பதைக் காய்ச்சிக் காட்ட வேண்டும். மலையில் விளையும் கேழ்வரகை முளைகட்டி அரைக்கும் வேலையை மகளிர் குழுக்களிடம் ஒப்படைத்து, அந்த மாவை அங்கன்வாடியே வாங்க வேண்டும். காபி பறிக்கும் மாதங்களில் சிறு தோட்டத் தாய்மாருக்கும் பொதுவான குழந்தைக் காப்பகம் நடத்த வேண்டும். எவ்வளவு ஊட்டுவது என்று தாய்க்குச் சொல்லித்தரும் அரசு, அவ்வளவையும் ஊட்டி முடிக்க அவளுக்கு நேரத்தையும் தர வேண்டும்.